மாமா கொடுத்த ஈயச்சொம்பு

என் சீர்ப் பாத்திரங்களில் எல்லாரும் கையில் தூக்கிப் பார்த்தது அந்த ஈயச்சொம்பைத்தான். பித்தளைக் குடம், வெண்கலப் பானை, குத்துவிளக்கு என்று ஜமக்காளம் நிறைய இருந்தது. அவற்றை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து சொம்பைத் தூக்கி, "யம்மாடி, என்னா கனம்!" என்று சொல்லிவிட்டு அடுத்தவள் கையில் கொடுத்தார்கள். என் தாய்மாமா பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தார். "எங்க அக்கா மவளுக்குல்லா குடுக்கேன். ஏனோதானோன்னு குடுப்பனா?" என்று நாலு பேருக்குக் கேட்கும்படி சொன்னார். எனக்கு அன்றைக்குப் பெருமை தாங்கவில்லை.

இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தக் கனம் காரீயத்தின் கனம். ரசம் வைக்கிற சொம்பு வெள்ளீயத்தில் வார்க்கப்பட வேண்டும். வெள்ளீயம் விலை கூடியது, காரீயம் மலிவு. இரண்டையும் கலந்து வார்த்து நன்றாகத் தேய்த்து மினுக்கிவிட்டால் பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. வெள்ளீயத்தால் கெடுதி இல்லை. காரீயம் புளித்தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து உடம்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நான் இதைத் தெரிந்துகொள்வதற்குள் என் வயிற்றில் தரித்த மூன்று பிள்ளைகள் போய்விட்டன.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே அப்பா பேதியில் போய்விட்டார். அம்மா என்னையும் தம்பியையும் இழுத்துக்கொண்டு திருநெல்வேலியில் தன் தம்பி வீட்டுக்கு வந்துவிட்டாள். மாமாவுக்கு ரத வீதியில் பாத்திரக்கடை. கடைக்குப் பின்னால் சின்னப் பட்டறை ஒன்று இருந்தது. அங்கே கன்னார் ஒருவர், வார்ப்புக்காரர், சொம்பும் கிண்ணமும் வார்ப்பார். மாமாவின் மடியில் உட்கார வைத்துத்தான் எனக்குக் காது குத்தினார்கள். வலி தாங்காமல் நான் அவர் கையைக் கடித்துவிட்டேன். அந்தத் தழும்பை ஊர்பூராக் காட்டி, "எம் மருமவ வச்ச முத்திரை" என்பார். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதும் அவர்தான். பொம்பளைப் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று அம்மா முனங்கினபோது, பாளையங்கோட்டை வேதக்காரக் கிறிஸ்தவப் பிள்ளைகள் எல்லாம் படிக்கவில்லையா என்று அவர்தான் வாயை அடைத்தார். இன்றைக்கு நான் பேனா பிடித்து இதை எழுதுகிறேன் என்றால் அதுவும் அவர் போட்ட பிச்சைதான். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நியாயம் ஆகாது. சொல்லும்போது வயிறு எரிகிறது, அது வேறு விஷயம்.

டில்லியில் வெள்ளைக்கார ராஜாவுக்குப் பட்டாபிஷேகம் நடந்ததற்கு முந்தின வருஷம் எனக்குக் கல்யாணம். ஸ்ரீவைகுண்டத்து அணைக்குக் கிழக்கே ஆற்றங்கரை ஊர். நெல்லும் வாழையும் உள்ள வீடு. வீட்டில் என் மாமியாரும் அவளுடைய ஒரே மகனான என் கணவரும் மட்டும்தான். மாமியாருக்கு நாக்கு கொஞ்சம் நீளம். காலையில் கோலம் கோணினால் சாயங்காலம் வரைக்கும் அதைச் சொல்லிக்கொண்டே இருப்பாள். ஆனால் நான் போய் இறங்கிய மறுநாளே தன்னுடைய பழைய ஈயச்சொம்பை எடுத்துப் பரணில் வைத்துவிட்டாள். "புது மருமவ வந்தாச்சு, இனும அவ சொம்புல ரசம் கொதிக்கட்டும்" என்றாள்.

ரசம் என்றால் ரசம். அந்தச் சொம்பில் வைத்த ரசத்துக்கு அடிநாக்கில் ஒரு இனிப்பு இருந்தது. புளியும் மிளகும் போட்ட ரசத்தில் இனிப்பு எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. என் கைப்பக்குவம் என்று கணவர் சொன்னார். "கைப்பக்குவமாவது, மண்ணாவது! அவ மாமன் குடுத்த சொம்போட ராசிலே அது" என்றாள் மாமியார். நான் இரண்டையும் மறுக்கவில்லை.

அந்த வீட்டில் சாப்பாட்டுக்கு ஒரு முறை இருந்தது. முதலில் கணவர், பிறகு மாமியார், கடைசியில் நான். மிஞ்சின ரசமும் குழம்பும் சொம்பிலேயே கிடக்கும். மறுநாள் காலையில் அதைச் சுண்ட வைத்து, பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்வேன். சுண்டக்குழம்பு மருமகளுக்கு என்பது எழுதாத சட்டம். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. விரலைச் சூப்பிச் சூப்பித் தின்றேன். ராத்திரி முழுக்கப் புளி அந்த ஈயத்தில் ஊறியது, காலையில் நான் அதை வழித்துத் தின்றேன். இப்படியே வருஷம் ஓடியது.

முதல் பிள்ளை மூன்றாம் மாதம் கலைந்தது. அது எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான் என்று தேற்றினார்கள். அதற்குப் பிறகுதான் வயிற்றுவலி. தொப்புளைச் சுற்றிப் பிடித்து முறுக்கும். குப்புறப் படுத்துத் தலையணையை வயிற்றில் அமுக்கினால் கொஞ்சம் தணியும். நாட்கணக்கில் வெளிக்குப் போகாது. முகம் வெளுத்துவிட்டது. மாமியார் சுக்குத் தட்டிப் போட்டாள், ஓமத்தண்ணீர் கொடுத்தாள், விளக்கெண்ணெயை வாயைப் பிடித்து ஊற்றினாள். அவளுக்குமே அப்போதெல்லாம் அடிக்கடி வயிறு பொருமும். வயசு ஆகிறது என்று சொல்லிக்கொண்டாள். இரண்டாவது பிள்ளையும் தங்கவில்லை.

அம்மா வந்து என்னைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனாள். அங்கே இரண்டு மாதம் இருந்தேன். வலி போய்விட்டது, கன்னம் கொஞ்சம் தேறியது. திரும்பி வந்தேன், வந்த மாதமே பழையபடி சுருண்டு படுத்துக்கொண்டேன். மறுபடி அம்மா வீடு, மறுபடி சுகம். மறுபடி புகுந்த வீடு, மறுபடி வலி.

"இங்கன வந்தா நல்லாயிருக்கா, அங்கன போனா படுத்துக்கிடுதா. இதென்ன கூத்து?" என்று அம்மா ஒரு நாள் மாமாவிடம் புலம்பினாள்.

மாமா வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார். "அவ மாமியாக்காரி மருந்து வச்சிருக்கா, அக்கா" என்றார்.

அந்த வார்த்தையை முதலில் சொன்னது மாமாதான். இடுமருந்து என்றால் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். நகமும் மயிரும் இன்னும் என்னென்னவோ கண்ட சனியனையும் அரைத்துச் சோற்றில் கலந்து கொடுத்துவிடுவார்களாம். அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஆளைப் பையப் பைய உருக்குமாம். மருமகளைப் பிடிக்காத மாமியார், சக்களத்தி, பங்காளி என்று யார் வேண்டுமானாலும் வைக்கலாம். நான் படித்தவள் என்று பேர். நானும் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வேன்? என் வயிறே சாட்சி சொல்லிற்று. அம்மா வீட்டில் வலி இல்லை, அங்கே போனால் வலி. அந்தச் சொம்பு அம்மா வீட்டுக்கு வரவில்லை என்று எவளுக்குத் தோன்றும்?

சாத்தான்குளத்துப் பக்கம், பனங்காட்டுக்குள், மருந்து எடுக்கிறவள் ஒருத்தி இருந்தாள். மாமாவே வண்டி கட்டிக்கொண்டு என்னைக் கூட்டிப்போனார். அவள் என் வயிற்றில் ஒரு குழலை வைத்து வாயால் உறிஞ்சினாள். பிறகு தாம்பாளத்தில் துப்பினாள். கறுப்பாக, மயிர் சுற்றின உருண்டை ஒன்று விழுந்தது. "வீட்டுக்குள்ள இருக்க மூத்த பொம்பள கையில தின்னது தாயி இது" என்றாள்.

"பாத்தியாட்டீ? பாத்தியா?" என்று மாமா என் தோளைப் பிடித்து உலுக்கினார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்காக அழுகிறாரே என்று எனக்கும் அழுகை வந்தது.

திரும்புகிற வழியிலேயே வண்டியை என் புகுந்த ஊருக்கு விடச் சொன்னார். மாமியார் முற்றத்தில் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மாமா தெருவிலேயே நின்றுகொண்டு வாய்க்கு வந்தபடி பேசினார். "எங்க பிள்ளைக்கு மருந்து வச்சுக் கொல்லப் பாத்தியே, நீ வெளங்குவியா? ஒரு பிள்ளையக் கரைச்சே, ரெண்டு பிள்ளையக் கரைச்சே, இன்னும் ஒன் வெறி அடங்கலையா?" தெருவே கூடிவிட்டது. வீட்டுக்கு வீடு பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

மாமியாருக்கு நாக்கு நீளம் என்றேன். அன்றைக்கு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. மாமா போன பிறகு சுளகைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்து, "இனும ஒனக்கு நீயே ஆக்கு, நீயே தின்னு. ஒன் அடுப்புப் பக்கம் நான் எட்டிப் பாத்தா ஏன்னு கேளு" என்றாள். அன்று சாயங்காலமே கொல்லைப்புறத்தில் மூன்று கல்லைக் கூட்டித் தனி அடுப்புப் போட்டுவிட்டாள். தன் மண்சட்டிகளையும் பழைய சொம்பையும் எடுத்துக்கொண்டு அங்கே போய்விட்டாள். கணவர் யார் பக்கமும் பேசவில்லை. ஆனால் தன் அம்மாவின் அடுப்பில்தான் சாப்பிட்டார். எனக்கு ஆத்திரமான ஆத்திரம்.

அந்த ஊரில் அதற்குப் பிறகு என் மாமியார் கையால் ஒரு வாய்த் தண்ணீர்கூட எவளும் வாங்கிக் குடிக்கவில்லை. முன்பெல்லாம் மோர் கேட்டுக் காலையில் நாலு பேர் கிண்ணத்தோடு வருவார்கள். அது நின்றுபோயிற்று. பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டும்போது முந்தானையால் வயிற்றை மூடிக்கொண்டு போனார்கள். மாமியார் அதைப் பார்த்துக்கொண்டே கோலம் போடுவாள்.

நான் என் பங்குக்குச் சொம்பும் நானுமாக இருந்தேன். என் கையால் புளி கரைத்து, என் சொம்பில் கொதிக்க வைத்து, வேறு எவர் கையும் படாமல் தின்றேன். இனிமேல் யார் என்ன மருந்து வைக்க முடியும் என்று ஒரு வீம்பு. முன்பு மூன்று பேர் தின்ற விஷத்தை இப்போது நான் ஒருத்தியாகத் தின்றேன். கொல்லைப்புறத்து அடுப்பில் சாப்பிட்டவர்களுக்கு வயிற்றுப் பொருமல் நின்றுவிட்டது. எனக்கு மணிக்கட்டு தொங்க ஆரம்பித்தது. ஆற்றிலிருந்து குடம் தூக்கி வரும்போது கை தானாக மடங்கும், குடம் நழுவி விழும். சீப்பைப் பிடித்துத் தலைவார முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று அம்மா கேட்டதற்கு மாமா ஒரேயடியாக மறித்தார். "அங்கன போனா அறுத்துப் போட்டுருவானுவ. மருந்து எடுத்தாச்சு, இனும பையச் சரியாயிரும்" என்றார்.

மூன்றாவது பிள்ளை ஏழு மாதம் வரை தங்கியது. ஆண்பிள்ளை. உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இருந்தான். அழுதான்; பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். சாயங்காலத்துக்கு முன்னால் அடங்கிவிட்டான். எத்தனை வருஷமானால் என்ன, அந்தச் சத்தத்தை என் காதிலிருந்து எடுக்க எவளாலும் ஆகாது.

தாழ்வாரத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நான் படுத்துக் கிடந்தபோது, பேசாமல் இருந்த மாமியார் அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள். மகனைப் பார்த்துக் கத்தினாள். "ஏலே, கோட்டிப் பயலே, பாத்துக்கிட்டே இருக்க! இவ செத்துத் தொலைஞ்சா அதுவும் எந் தலையிலதான் விடியும். வண்டியக் கெட்டுலே, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு." என்னைத் தூக்கி வண்டியில் கிடத்தி, தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கும்போதெல்லாம் வண்டிக்காரனைத் திட்டினாள்.

அங்கே பெண்களுக்கு வைத்தியம் பார்க்க ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா இருந்தாள். வேதப்புத்தகத் தமிழில் பேசுவாள். என் கையைத் தூக்கிப் பார்த்தாள், வயிற்றை அமுக்கினாள், பிறகு கீழுதட்டை இழுத்துப் பிடித்து ஈறைப் பார்த்தாள். பல்லும் ஈறும் சேருகிற இடத்தில் மையால் கோடு போட்ட மாதிரி இருக்கிறது என்று பக்கத்தில் நின்ற தாதியிடம் காட்டினாள். "நீர் எந்தப் பாத்திரத்தில் சமையல் செய்கிறீர்?" என்று கேட்டாள்.

கணவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய், மறுநாள் என் பாத்திரங்களை ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார். டாக்டரம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுச் சொம்பை எடுத்தாள். கத்தியால் உள்புறம் சுரண்டினாள். அது வெண்ணெய் போல வழித்துக்கொண்டு வந்தது. வெள்ளைக் காகிதத்தில் அதைத் தேய்த்தாள், கறுப்பாகக் கோடு விழுந்தது. "இது காரீயம். இது மெதுவாய்க் கொல்லுகிற விஷம். உம்முடைய பிள்ளைகளைக் கொன்றது இதுவே" என்றாள்.

நான் நம்பவில்லை. "அது எங்க மாமா குடுத்தது" என்றேன். இரண்டு தடவை சொன்னேன்.

மாமியார் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "அப்பம் நான் வைக்கலையே தாயீ?" என்று டாக்டரம்மாவைக் கேட்டாள்.

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. "நீர் எதை வைத்தீர்?" என்றாள்.

"நான் ஒண்ணுமே வைக்கலையே? நல்லாச் சொல்லுங்க. நான் வைக்கலைல்லா?" மாமியார் கேட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அந்தப் பொம்பளைக்கும் தான் ஏதோ செய்துவிட்டோமோ, தன் கைராசிதான் இப்படியோ என்று உள்ளுக்குள் ஒரு பயம் இருந்திருக்கிறது. ஊரே சேர்ந்து சொன்னால் யாருக்குத்தான் வராது?

ஆள்மேல் ஆள் அனுப்பி மாமாவை வரவழைத்தோம். அவர் வந்து சொம்பைப் பார்த்தார், சுரண்டின இடத்தைப் பார்த்தார். ஐயோ என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "அந்த வார்ப்புக்காரப் பய என் கண்ணுல மண்ணத் தூவிட்டான்! வெள்ளீயம்னு நம்பில்லா இருந்தேன்! எங்கையாலேயே எம் பிள்ளைக்கு வெஷத்தக் குடுத்திட்டேனே!" என் காலைப் பிடிக்க வந்தார். நான் பதறி எழுந்து உட்கார்ந்தேன். மடங்கிக் கிடந்த என் கையால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டேன். பாவம், அவரும் ஏமாந்தவர்தானே என்று நினைத்தேன்.

பிறகு அவர் குரலைத் தணித்து, "இது வெளிய தெரிஞ்சா கடை போயிரும் தாயி. நம்மள நம்பித்தான் ஒங்கம்மையும் தம்பியும் இருக்காவ. அந்தப் பயல இன்னைக்கே அடிச்சு வெரட்டுதேன். கடையில இருக்க சொம்பையெல்லாம் உருக்கிருதேன். நமக்குள்ள இருக்கட்டும்" என்றார். கணவர் வாயைத் திறப்பதற்குள் என் மாமியாரே, "மனுசன் இம்புட்டு அழுதாவ. விடுங்க, யாருக்கும் சொல்லாண்டாம்" என்றாள். மாமா சொம்பைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வெளியே சொல்லாமல் இருந்தோம். சொம்பு விஷயத்தைச் சொன்னால்தானே மாமியார் மேல் இருந்த பழி போகும்? அது ஊர் வாயில் அப்படியே கிடந்தது. வீட்டுக்குள் ஒரே அடுப்பு ஆயிற்று, அவள் பழைய சொம்பில் ரசம் கொதித்தது, என் வயிறு வலிக்கவில்லை, கை மெல்ல நிமிர்ந்தது. ஆனால் தெருவில் ஒரு வளைகாப்பு என்றால் அவளுக்கு அழைப்பு வராது. எனக்கு வரும். "நீ போய்ட்டு வா. எனக்கு முட்டுவலி" என்பாள். அவளுக்கு முட்டுவலி கிடையாது.

ஜெர்மன் சண்டை நடந்துகொண்டிருந்தபோது என் தம்பிக்குக் கல்யாணம் கூடியது. பெண் மாமாவின் ஒரே மகள். என் கல்யாணத்தின்போது அவள் பாவாடை தடுக்கி விழுகிற சிறுபிள்ளை. இப்போது சமைந்து ஆளாகிவிட்டாள். அப்போது நான் ஐந்து மாதம். அந்த வயிற்றில் இருந்தவள்தான் என் மகள். அவளுக்கே இப்போது இரண்டு பிள்ளைகள். ஆனால் அன்றைக்கு அவள் தங்குவாளா மாட்டாளா என்று எனக்குத் தெரியாது. உட்காரும்போதும் எழும்போதும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். அதனால் மாமியாரையும் துணைக்கு இழுத்துக்கொண்டு திருநெல்வேலிக்குப் போனேன். எங்கள் ஊர்க்காரர்களும் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். பந்தலில் மாமியார் உட்கார்ந்த ஜமக்காளத்தில் அவளைச் சுற்றி இடம் காலியாகவே கிடந்தது.

காலையில் தாலி கட்டி முடிந்தது. சீர் பரப்பினார்கள். பெண்ணுக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்தார்கள். வரிசையில் ஒரு ஈயச்சொம்பு இருந்தது. பெண்கள் அதைத் தூக்கிப் பார்த்தார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"மைனி, என் சொம்பப் பாக்கலையா?" என்று கேட்டாள் மணப்பெண்.

"எனக்கு ஈயத்தக் கண்டாலே வயித்தக் கலக்குதுட்டி" என்றேன். சொம்பு விஷயம் அவளுக்குத் தெரியாது. மாமா தன் வீட்டிலும் யாரிடமும் சொல்லவில்லை.

"இது நல்ல சொம்பு மைனி. ஒங்க கல்யாணத்துக்கு ஒங்களுக்குச் சொம்பு வார்த்தாவல்லா, அன்னைக்கே எனக்கும் வார்த்து எடுத்து வச்சிட்டாவ. அப்பா பட்டறையிலயே உக்காந்திருந்தாவ. 'இது எம் மவளுக்கு, இதுல அதக் கலந்துராத'ன்னு வார்ப்புக்காரர்ட்ட சொல்லிக்கிட்டே இருந்தாவ." அவள் தலைகுனிந்து சிரித்தாள். "அன்னைக்கு எனக்கு அடி விழுந்ததே, அது ஒங்களுக்குத் தெரியாதுல்லா?"

"என்ன அடி?" என்றேன்.

"ஒங்க சொம்ப எடுத்து வச்சுச் சோறாக்கி வெளையாடுனேன். புளிய உருட்டிப் போட்டு, தண்ணி ஊத்தி ஊற வச்சு, ரசம்னு சொல்லி ஒரு வாய் குடிச்சேன். அப்பா எங்கன இருந்துதான் பாத்தாவளோ! ஓடி வந்து சொம்பத் தட்டி விட்டு, முதுகுல ஒண்ணு வச்சாவ. என்னைய அடிச்சதே கிடையாது மைனி, அன்னைக்கு ஒரு நாளுதான். பொறவு என்னையக் கெணத்தடிக்கு இழுத்துட்டுப் போயி, வாயக் கொப்புளி கொப்புளின்னு நிறைய தடவ கொப்புளிக்க வச்சாவ. 'அதுல ஊறுனத நீ திங்கப்படாது தாயி'ன்னு சொல்லி அழுதுட்டாவ. சொம்பக் கழுவித் தொடச்சு ஒங்க சீருல கொண்டு வச்சாவ."

அவள் அதை வேடிக்கைக் கதையாகச் சொன்னாள். நானும் சிரிப்பேன் என்று என் முகத்தைப் பார்த்தாள்.

பாவி. அடப் பாவி. தன் மகள் ஒரு வாய் குடித்ததற்குப் பதறி ஓடிவந்தவன், கழுவித் துடைத்து என் கையில் கொடுத்திருக்கிறான். நான் வருஷக்கணக்காகத் தின்றதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். வலி எதனால் என்று தெரிந்துகொண்டே பனங்காட்டுக்கு வண்டி கட்டியிருக்கிறான். ஆஸ்பத்திரியை மறித்திருக்கிறான். என் பிள்ளை செத்ததற்கு என் காலைப் பிடித்து அழுதானே, அந்தக் கண்ணீரை நான் துடைத்தேனே!

பின்னால் இருந்து ஒரு கை என் தோளை இறுகப் பிடித்தது. அம்மா. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். அவள் முகம் செத்துப்போயிருந்தது. ஆனாலும் என் காதோரம் குனிந்து, "நல்ல நாளும் அதுவுமா வாயத் தொறந்துராதட்டீ. ஒந் தம்பி இப்பல்லா தாலி கெட்டியிருக்கான். ஒம் மாமன் எங்கூடப் பொறந்தவன், மறந்துரு" என்றாள்.

நான் மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். என்னைப் பெற்றவள் சொல்லுகிறாள், மறந்துவிடு என்று. அந்தக் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டேன்.

பந்தல் வாசலில் மாமா சந்தனக் கிண்ணத்தோடு நின்று வருகிறவர்களுக்குப் பூசிக்கொண்டிருந்தார். என் மாமியார் அந்தக் காலி ஜமக்காளத்தில் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அத்தே, இங்கன வாங்க" என்று கூப்பிட்டேன். சத்தமாகத்தான் கூப்பிட்டேன். பேச்சு அடங்கிப் பந்தல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எங்கள் ஊர்க்காரிகளும் பார்த்தார்கள். மாமியார் எழுந்து, தயங்கித் தயங்கி வந்து என் பக்கத்தில் நின்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏட்டி, இப்பச் சொன்னத இன்னொரு தடவ சொல்லு" என்றேன் மணப்பெண்ணிடம். "எஞ் சொம்புல ஊறுனதக் குடிச்சதுக்கு ஒங்க அப்பா ஒனக்கு வாய் கொப்புளிக்க வச்ச கதைய. எங்க அத்தைக்குக் கேக்கணும். பையச் சொல்லாத, எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு."

மாமாவின் கையிலிருந்த கிண்ணம் அப்படியே நின்றது. மணப்பெண் அதைப் பார்க்கவில்லை. வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.